கணுக்கால் பிடி

மக்களே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. உன் நலம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பஸ்ஸில் போகிற போக்கில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பி வேலையை முடித்துவிடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று நின்றுதான் வர வேண்டும். நன்றாக நில். இருபத்தைந்து வயசுப் பிள்ளையை நிற்க வைத்துப் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ பாதியில் மூடி வைத்துவிடுவாய் என்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை அந்த வேல்ஸ் நாட்டுச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ மைதானத்தில் இறங்கக் கூடாது. அந்த ஒரு நாள் மட்டுமில்லை, இனி எந்த நாளும் இறங்கக் கூடாது. உன் தலை இன்னொரு அடி தாங்காது. அம்மாமார் எல்லாரும் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. நான் முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், அதில் பாதி நாள் தலையில் அடிபட்டவர்கள் படுத்திருக்கிற வார்டில். பயம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை எனக்கு வந்திருப்பது பயம்கூட இல்லை, அதையும் தாண்டி ஒன்று. நீ கேட்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

இங்கே அபுதாபியில், நம் சர்ச் சபைக்குப் புதிதாக வருகிறவர்கள், "பையன் என்ன செய்யுறான் அக்கா?" என்று கேட்பார்கள். ரக்பி விளையாடுகிறான் என்பேன். "ஓ, ஹெல்மெட் போட்டுட்டு விளையாடுவாவளே, அதுதானா?" இல்லை, ஹெல்மெட் கிடையாது. "அப்ப பதினஞ்சு பேரு விளையாடுறது." அதுவும் இல்லை, இது பதின்மூன்று பேர் விளையாடுவது, ரக்பி லீக் என்று பெயர். அதற்கு மேல் அவர்களுக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் இருக்காது. உன் அப்பாதான் எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்வார். "கபடி தெரியும்லா? அதுல ஒரு பந்தப் போடு. பந்த வச்சிருக்கவன் பாடி வாரான். நீ பிடிக்க. ஆறு மட்டம் பிடிச்சா பந்து உனக்கு. முடிஞ்சு." அவ்வளவு சுலபமாகச் சொல்வார். பெருமையில் அவருக்கு மீசை துடிக்கும்.

நீ பிறந்தது வேல்ஸில் என்பது நாங்கள் சொல்லி நீ கேட்ட கதைதான். நான் அங்கே ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தேன். அப்பாவுக்குக் கோழி வெட்டிப் பொதிகிற தொழிற்சாலையில் வேலை. அந்த மழையும் இருட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஏட்டி, இந்த ஊர்ல சூரியனுக்கும் லீவு குடுத்துட்டானுவ" என்பார். உனக்கு ஆறு வயசாகும்போது அபுதாபிக்கு வந்துவிட்டோம். எனக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி, அவருக்கு முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் வண்டி ஏசி மெக்கானிக் வேலை. உனக்கு மட்டும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கள் இரண்டு பேருக்கும் நம் பாஸ்போர்ட். பிள்ளைக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது என்று அப்போது சந்தோஷப்பட்டோம். இப்போது யோசித்தால், நாம் மூன்று பேரும் சேர்ந்து நிரந்தரமாக இருக்க முடிகிற ஒரு இடம் உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை.

முசஃபாவில் அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. கராஜ்களுக்குப் பின்னால் ஒரு மணல் வெளி. வெயில் தாழ்ந்ததும் லேபர் கேம்பிலிருந்து நம் பையன்கள் வந்துவிடுவார்கள், திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று. வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை டப்பாவில் கொண்டுவந்து மணலில் ஊற்றிக் கோடு போடுவார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் அந்தக் கோடு அழியாது. வாரம் முழுக்க வெல்டிங், பெயிண்ட், லாரிக்கு அடியில் படுத்த வேலை என்று முதுகு ஒடிந்தவர்கள், அங்கே வந்து சட்டையைக் கழற்றினால் வேறு ஆள்கள். உன் அப்பா கார்னர் நிற்பார். பாடி வருகிறவன் கால் கோட்டுக்கு அருகில் வந்ததும் அப்படியே விழுந்து கணுக்காலைப் பிடிப்பார். பிடித்தால் பிடித்ததுதான். நாற்பது வயசுக்கு மேலும் அவர் பிடியிலிருந்து ஒருத்தன் தப்பித்து நான் பார்த்ததில்லை.

உனக்குப் பத்து வயசில் அவர் அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுத்தார். நான் காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏல, கைய மட்டும் போட்டா உதறிட்டுப் போயிருவான். தலைய அவன் முழங்காலுக்கு முன்னால குடு. தலைதாம்ல பூட்டு. தலை முன்னால இருந்தா அவன் எங்கன போவான்?" என்றார். நீயும் கொடுத்தாய். முதல் முறை மூக்கில் மணல் ஏறித் தும்மினாய், ஐந்தாறு முறை விழுந்த பிறகு உனக்குப் பிடி வந்துவிட்டது. எல்லாரும் விசிலடித்தார்கள், நானும் ஹார்ன் அடித்தேன். மணலில் வெறுங்காலோடு, மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு வருகிற ஒல்லிப் பையனுடைய முழங்காலுக்கு முன்னால் தலையைக் கொடுப்பதில் ஆபத்து ஒன்றும் இருக்கவில்லை. அதிகம் போனால் நெற்றியில் ஒரு புடைப்பு, வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்தால் சரியாகிவிடும்.

பிறகு உன் பள்ளிக்கூடத்தில் அந்த வெள்ளைக்காரக் கோச் வந்தார். அவர் வடக்கு இங்கிலாந்துக்காரர், பதின்மூன்று பேர் ஆட்டம்தான் அவருக்கு உயிர். முதல் நாள் பிராக்டிஸிலேயே உன்னைவிட இரண்டு மடங்கு பெரிய பையனை நீ கணுக்காலைப் பிடித்துக் குப்புறத் தள்ளிவிட்டாய். கோச் ஓடி வந்தார், இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். நீ "முசஃபா" என்றாய். அவருக்கு அது ஏதோ பெரிய கிளப் என்று தோன்றியிருக்கும். நல்ல மனுஷன், உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கே சொன்னார். தலை ஓடுகிறவனுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும், முன்னால் கொடுக்காதே, முழங்கால் பட்டால் உயிர் போய்விடும் என்று. இரண்டு வாரம் திருத்தினார். மூன்றாவது வாரம் துபாயிலிருந்து வந்த டீமோடு மேட்ச். உன்னைத் தாண்டி ஒருத்தனும் போகவில்லை, ஜெயித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா உன் தோளைத் தட்டிக்கொண்டே காருக்கு வந்தார்.

பதினெட்டு முடிந்ததும் நீ போனாய். அப்பாவுடைய விசாவில் இனி இருக்க முடியாது, இங்கே காலேஜில் சேர்க்கலாம், அல்லது நீ பிறந்த நாட்டுக்குப் போகலாம். வேல்ஸின் வடக்கில் ஒரு சின்ன கிளப் உன்னைக் கூப்பிட்டது. பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு வழியனுப்பினோம். அங்கே போன பிறகுதான் நீ கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். பகல் முழுக்க ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை, செவ்வாய் வியாழன் சாயந்தரம் மழையில் பிராக்டிஸ், ஞாயிற்றுக்கிழமை மேட்ச். ஊர்க்காரர்களே "நீ எந்த ரக்பி?" என்று கேட்பார்களாம். அங்கே ராஜா அந்தப் பதினைந்து பேர் ஆட்டம்தானாம், உன் ஆட்டம் ஓரத்தில் கிடக்கிற ஆட்டமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த ஊரிலேயே மதிக்காத ஒன்றுக்கு ஏன் உடம்பைக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். "அம்மா, இங்க நான் பிடிச்சா எல்லாரும் எந்திரிச்சு நிக்காங்கம்மா" என்றாய். அந்தச் சின்ன மைதானத்தில் எழுந்து நிற்க எத்தனை பேர் இருந்தார்களோ, உனக்கு அது போதுமாக இருந்தது.

நாட்டுக்காக நீ முதலில் ஆடிய நாளை நான் மறக்கவில்லை. அப்பா என் டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார். நானும் டூட்டி முடிந்து நேராக அங்கே போனேன். தூக்கி நிறுத்தியிருந்த லாரிக்கு முன்னால் டேப்லெட்டை டயர் மேல் சாய்த்து வைத்து, ஒரு கூட்டமே குத்த வைத்து உட்கார்ந்திருந்தது. உன் சட்டையில் நம் வீட்டுப் பெயரைப் பார்த்ததும் அப்பா கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். நீ ஒரு ஆளைக் கணுக்காலில் பிடித்துச் சாய்த்தபோது கராஜே அதிர்ந்தது. பெயிண்ட் அடிக்கிற பாகிஸ்தான்காரர், "க்யா பக்டா பாய், க்யா பக்டா!", என்னமாய்ப் பிடித்தான் என்று அப்பாவைக் கட்டிப்பிடித்தார். "எங்க பிடியாக்கும், முசஃபா பிடி" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார், நான் பார்த்தேன். மக்களே, அந்த நாளை நான் உன்னிடமிருந்து பறிக்கவில்லை. அது உன்னுடையது, என்றைக்கும் உன்னுடையது.

ஆனால் அந்த மேட்சிலேயே ஒரு தடவை நீ பிடித்துவிட்டு எழுந்து தப்பான பக்கம் நடந்து போனாய். இன்னொரு பையன் உன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். உன் தலை முன்னால் இருக்கிறது. அவன் முழங்கால் உன் நெற்றிப்பொட்டில் இடிக்கிறது. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு உனக்கு போன் போட்டார். "ஏல மக்கா, தலைய மாத்திரு. பின்னால வை. அது மணலுக்குள்ள பிடி, அங்க வேண்டாம்." நீ கேட்டாய், அதையும் நான் சொல்ல வேண்டும். ஒரு சீசன் முழுக்க மாற்றிப் பார்த்தாய். தலை பின்னால் போனால் பிடி நழுவியது. ஆள்கள் உன்னைத் தாண்டிப் போனார்கள். கிளப் உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்தது, நாட்டு அணியில் பெயர் வரவில்லை. அடுத்த சீசன் தலை பழைய இடத்துக்கே திரும்பியது, உன் பெயரும் திரும்பி வந்தது. உன்னிடத்தில் அந்தப் பிடியைத் தவிர வேறு ஒன்றும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆடி மாதத்து வெயில், கராஜில் ஒரு பஸ்ஸின் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. அடக்கத்துக்கு நீ நம் ஊர் நாகர்கோவிலுக்கு வந்தாய், சவப்பெட்டியின் ஒரு பக்கம் தூக்கினாய், திரும்பிப் போய் அந்த வாரமே ஆடினாய். அதற்காக உன்னைத் திட்டிய சொந்தக்காரர்களை நான் திட்டினேன். அவன் துக்கத்தை அவனுக்குத் தெரிந்த விதத்தில் ஆற்றிக்கொள்கிறான், உங்களுக்கு என்ன என்று கேட்டேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

இனி சொல்லப் போவது உனக்கு ஞாபகம் இல்லாதது. போன மாதம் கிளப்பின் கடைசி மேட்ச் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இங்கே சாயந்தரம், மீன் குழம்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நீ வீடியோவில் கூப்பிட்டாய். முகமெல்லாம் சேறு, பின்னால் பையன்கள் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே கேட்டாய்.

"அம்மா, அப்பா டூட்டி முடிஞ்சு வந்தாச்சா?"

நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். உன் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"இன்னும் வரல்ல மக்களே," என்றேன். வார்டில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம், எடுத்த எடுப்பில் மறுத்துப் பேச மாட்டோம். "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லு பாப்போம்?"

"வெள்ளிக்கிழமைலா? அப்பாட்ட சொல்லுங்க, கபடிக்கு லேட்டாகுது. நான் ரெடி."

"பக்கத்துல யாரு இருக்கா? அவங்கட்ட போனைக் குடு."

"எதுக்கும்மா?" என்று சிரித்தாய். யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், நீ போனை வைத்துவிட்டாய். நான் திரும்பத் திரும்ப அடித்தேன், நீ எடுக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம், மக்களே, எனக்கு என் கணவர் இரண்டாவது முறை செத்தார், கூடவே நீயும் போய்விட்டாய் என்று இருந்தது. மறுநாள் நீயே கூப்பிட்டாய், தெளிவாகப் பேசினாய். ஜெயித்த கதையைச் சொன்னாய். நேற்று என்னிடம் பேசியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "நேத்து நான் கூப்பிடவே இல்லையேம்மா" என்றாய். போனில் பார், பதிவாகியிருக்கும் என்றேன். பார்த்தாய். பிறகு, "களைப்பா இருந்திருக்கும்" என்றாய்.

தலையைச் சோதிக்கிற டெஸ்ட் வைப்பார்களே என்று கேட்டேன். அப்போதுதான் நீ அந்தச் சாமர்த்தியத்தைச் சொன்னாய். சீசன் தொடங்கும்போது எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் வைத்து மார்க்கைக் குறித்துக்கொள்வார்களாம். அடிபட்டால் மறுபடி வைத்து, குறைந்திருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பார்களாம். நீ முதல் டெஸ்டையே வேண்டுமென்று மெதுவாக, தப்பும் தவறுமாகச் செய்துவைத்தாயாம். "இப்ப அடிபட்டாலும் மார்க் குறையாதும்மா" என்று சொன்னாய். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்ததைச் சொல்கிற மாதிரி சிரித்தாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன். யாரை ஏமாற்றினாய்? டாக்டரையா? உன் மூளைக்கு ஒரு காவல் இருந்தது, அதன் கண்ணைக் கட்டிவிட்டு வந்து என்னிடம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறாய்.

என் வார்டில் ஒரு பையன் இருக்கிறான். பைக்கில் சாப்பாடு கொண்டு கொடுக்கிறவன், உன் வயசுதான். ரோட்டில் விழுந்து தலையில் அடி. எலும்பெல்லாம் சேர்ந்துவிட்டது, ஆள் பார்க்க ராஜா மாதிரி இருப்பான். தினமும் காலையில் நான் உள்ளே போனதும், "சிஸ்டர், என் பைக்கை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள்?" என்று கேட்பான். கீழே பார்க்கிங்கில் பத்திரமாக இருக்கிறது என்பேன். நிம்மதியாகச் சாய்ந்துகொள்வான். ஸ்பூனைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இருப்பான், நான்தான் ஊட்டுவேன். அவன் அம்மா வேறு நாட்டில் ஒரு வயல் வரப்பில் நின்றுகொண்டு போனில் அவனைப் பார்த்து அழுவாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, ஆனாலும் அவள் கேட்பது தெரியும். நான் கையை ஆட்டி நல்லா இருக்கான், நல்லா இருக்கான் என்று காட்டுவேன். பொய்தான். உன்னுடைய அந்தப் போனுக்குப் பிறகு அவன் படுக்கைக்குப் போகும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்க்காமலே ஸ்பூனை எடுக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நாட்டு அணியில் உன் பெயர் வந்ததும் கூப்பிட்டாய். நான் வாழ்த்தவில்லை என்று கோபப்பட்டாய். "ஒரே ஒரு சீசன்மா. அப்புறம் விட்டுருதேன்." போன வருஷமும் இதைத்தான் சொன்னாய் என்றேன். "அப்பாவுக்காகம்மா" என்றாய். அப்பா பெயரை எடுக்காதே, அவர் தலையை மாற்று என்று சொன்னவர் என்று கத்தினேன். அப்போது நீ கேட்டாய் பார், "நான் வேற என்னம்மா செய்ய? எனக்கு வேற என்ன தெரியும்?" அன்றிலிருந்து அதையே எண்ணிப் பார்க்கிறேன். படிப்பை விட்டுவிட்டாய். கிடங்கில் பெட்டி அடுக்குகிறவனாக அந்த ஊரில் உன்னை யாருக்கும் தெரியாது. இங்கே திரும்பி வந்தால் விசிட் விசாவில் எத்தனை நாள் இருப்பாய்? நாகர்கோவிலில் உனக்குத் தெருவின் பெயர்கூடத் தெரியாது. எந்த ஊரிலும் நீ ஊர்க்காரன் இல்லை. ஒரு ஆளைக் கணுக்காலில் பிடித்துச் சாய்க்கிற அந்த ஒரு நொடியில் மட்டும் உனக்கு ஊர் இருக்கிறது. இது எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்று.

அதனால் நான் உன்னைக் கேட்காமல் ஒன்று செய்தேன். உன் கிளப் டாக்டருக்கு எழுதினேன். நீ அப்பாவைக் கேட்டதை, கிழமை மாற்றிச் சொன்னதை, முதல் டெஸ்டைக் கெடுத்து வைத்ததை, எதையும் விடாமல், வார்டில் ரிப்போர்ட் கொடுக்கிற மாதிரி எழுதினேன். எத்தனை வருஷம் எந்த வேலையில் இருக்கிறேன் என்றும் எழுதினேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை, ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். என் கணவரின் மறைவுக்கு வருத்தம் சொல்லியிருந்தார். உன்னோடு பேசினாராம். சந்தேகத்துக்கு மறுபடியும் டெஸ்ட் வைத்தாராம், உன் மார்க் குறையவில்லையாம். கணவர் போன பிறகு நான் தனியாகக் கஷ்டப்படுவதை நீ சொன்னாயாம். இங்கே யாரிடமாவது மனம்விட்டுப் பேசினால் எனக்கு நல்லது என்று முடித்திருந்தார்.

அன்றைக்கே உனக்கு போன் போட்டேன். நீ மறைக்கவில்லை, அதற்கு நன்றி.

"என்னவாக்கும் சொன்ன அவர்ட்ட?"

"அம்மா..."

"சொல்லு மக்களே. அம்மா கோபப்படல்ல."

"அப்பா போனதுக்கப்புறம் நீங்க ஒரு மாதிரி இருக்கீங்கன்னு சொன்னேன். இல்லாததெல்லாம் கேக்குறீங்கன்னு. நான் அப்பாவப் பத்தி பேசுனதா நீங்களா நினைச்சுக்கிட்டீங்கன்னு." நீ அழுதுகொண்டே சொன்னாய். "எனக்கு வேற வழி தெரியலம்மா. சாரிம்மா. சாரி."

கோபப்படவில்லை என்று சொன்னது பொய். போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிவிட்டாய் என்பதற்காக இல்லை. சொல்லிவிட்டுப் போ, என் புத்தியை யார் என்ன நினைத்தால் எனக்கு என்ன? உன்னைத் தடுக்க உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருந்தது, அது நான். அந்தச் சாட்சியை நீயே அழித்துவிட்டாய். அங்கே பறந்து வந்து மைதானத்து வாசலில் குறுக்கே படுக்கலாம் என்றால் விசா கிடைக்க வாரக்கணக்கு ஆகும் என்கிறார்கள். அதற்குள் சனிக்கிழமை வந்துவிடும், போய்விடும். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கிறபோதும் உன் பையில் அந்தச் சட்டை மடித்துத்தான் இருக்கும். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

ஆகவே இனி உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி இல்லை. எனக்கு நானே செய்துகொண்டதைச் சொல்கிறேன், கேள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. வார்டு முழுக்க மாத்திரை கொடுத்துவிட்டு என் மாத்திரையை மறந்துவிடுகிறவள் நான், அதற்கு அப்பாவிடம் எவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். டாக்டரின் பதில் வந்த மறுநாளிலிருந்து மறப்பதில்லை. சாயாவுக்குச் சீனியை நிறுத்திவிட்டேன். காலை டூட்டிக்கு முன்னால் வீட்டுப் பக்கத்து ஷாபியா பார்க்கில் வேர்க்க வேர்க்க நடக்கிறேன். தோளுக்கும் கைக்கும் பயிற்சி செய்கிறேன், படுக்கையில் இருக்கிறவரைத் தனியாளாகப் புரட்ட வேண்டுமென்றால் தோளில் பலம் வேண்டும். மார்ச்சில் வேலை முடிந்து ஊருக்குப் போனதும் நம் வீட்டுக் கீழ்த்தளத்து அறையைக் காலி செய்து, குளியலறைக் கதவை அகலமாக்கச் சொல்லியிருக்கிறேன். கூட வேலை பார்க்கிற மலையாளிப் பெண் நேற்று என் டப்பாவில் வெறும் பயறும் கீரையும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆகப் போற நேரத்துல யாருக்கு வேண்டி சேச்சி இந்தப் பத்தியம்?" என்று கேட்டாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கு நாற்பது வயசாகும்போது எனக்கு எழுபத்தொன்று ஆகியிருக்கும். உனக்குச் சோறு ஊட்டும்போது என் கை நடுங்கக் கூடாது, மக்களே.

அம்மா